அறைஞ்சவனோட சேர்த்து வைக்கலைன்னா அது காதல் கதை இல்லையா? 41 எபி எழுதிட்டு முடிவுல மாட்டிக்கிட்டேன்

சென்னிமலை செல்வி

வணக்கமுங்க. நான் இங்க எழுதறதே இல்லை. அடுத்தவங்க சண்டைய ஓரமா நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போயிடுவேன். இப்ப சண்டை எங்க வீட்டுக்குள்ளயே வந்துருச்சு.

பகல்ல ஒரு பெட்ஷீட் கம்பெனில கணக்கு எழுதறேன். ராத்திரி பொண்ணு தூங்கினதுக்கப்புறம் ஒரு செயலில தொடர்கதை எழுதறேன், வாரம் 3 எபி (எபிசோட்). வாசகிங்க காயின் போட்டாத்தான் அடுத்த எபி திறக்கும். மாசம் ரெண்டாயிரம், மூவாயிரம் வரும். கேஸ் சிலிண்டருக்கும் பொண்ணு டியூஷனுக்கும் ஆச்சு. இது நாலாவது கதை. முதல் மூணும் சுபம். மூணாவதுல எல்லாரும் கேட்டாங்கன்னு கடைசில ஒரு எபி சேர்த்துப் போட்டு ரெட்டைப் புள்ளையே குடுத்தேன். அதனால சுபம்னாலே மூக்கைச் சுளிக்கற கூட்டத்துல என்னையும் சேத்துடாதீங்க.

கதை இதுதான். அகிலன் பள்ளிபாளையத்துல 24 தறி ஓட்டறவன். பவித்ரா அவன் பட்டறைக்குப் பாவு பிணைக்க (தறில பழைய நூலோட புது நூலை முடிச்சுப் போடற வேலை) வந்த பொண்ணு. காதல், எதிர்ப்பு, கல்யாணம் எல்லாம் 8 எபிக்குள்ள முடிஞ்சுது. 9வதுல பீரோவுல இருந்த 2 லட்சத்தைக் காணோம். அவ தம்பிக்குக் குடுத்துட்டான்னு நினைச்சு அகிலன் அறைஞ்சுடறான். பட்டறைல, ஆளுங்க முன்னாடி, தறி ஓடிட்டு இருக்கும்போது. பணத்தை எடுத்தது அவன் அக்கா வீட்டுக்காரர்னு 11ல தெரியுது. அதுக்குள்ள அவ கிளம்பிட்டா.

அந்த அறை எதுக்கு வந்துச்சுன்னா, 9வது எபில ஏதாவது வெடிக்கணும். அவ்வளவுதானுங்க, யோசிக்கவே இல்லை. இந்தக் கதைல அதுக்குத்தான் கமெண்ட் அதிகம். ‘செம கெத்து’, ‘ஆன்ட்டி ஹீரோன்னா இப்படி இருக்கணும்’. எல்லாத்துக்கும் ஹார்ட் போட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 38ல, ரெண்டு பேரும் ஈரோடு ஜவுளிச் சந்தைல பாத்துக்கறாங்க. அவன் மாறிட்டான். நெஜமாவே மாறிட்டான், அதைத்தான் இருபது எபியா எழுதியிருக்கேன். அவ தலைல பஞ்சு ஒட்டியிருக்கு. பட்டறைல இருந்து வர்ற எல்லார் தலைலயும் இருக்கும், எங்கம்மா தலைல எப்பவும் இருக்கும். அதை எடுத்துவிட அவன் கையைத் தூக்கறான். கை மேல போனதும் அவ கண்ணை இறுக்க மூடிக்கறா.

அதை எழுதினதுக்கப்புறம் சேர்த்து வைக்கற சீனை 4 தடவை எழுதிப் பாத்துட்டேன். கோயில்ல, மழைல, ஆஸ்பத்திரில, அவங்கம்மா சொல்லி. நாலுலயும் பவித்ரா கொலு பொம்மை மாதிரி தலையாட்டறா. அஞ்சாவதா வேற ஒண்ணு எழுதினேன். ரெண்டு பேரும் ஈரோடு கோர்ட்டுக்குப் போறாங்க. கையெழுத்து போட்டு அன்னிக்கே விவாகரத்து வாங்கிட்டு வெளிய வர்றாங்க. வாசல்ல நின்னு ஆளுக்கொரு கரும்பு ஜூஸ் குடிக்கறாங்க. காசை அவ குடுக்கறா. பஸ் வருது, ஏறிடறா. முற்றும்.

இதைப் போடறதுக்கு முன்னாடி சித்திகிட்டப் படிக்கக் குடுத்தேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசலை. மூணாம் நாள், “அறுந்த நூலைப் பிணைச்சுப் பிணைச்சுத்தான் கண்ணு நான் முப்பது வருஷம் தறி ஓட்டுனேன்”னாங்க. நான் சும்மா இருக்காம, “நூலுக்குக் கன்னம் இல்லையே சித்தி”ன்னுட்டேன். அதுக்கு இன்னும் ரெண்டு நாள் பேசலை.

நாளன்னிக்கு 42 போடணும். காசு குடுத்து 41 எபி கூட வந்தவங்க, இவங்க சேருவாங்கன்னு நம்பித்தான வந்தாங்க? கோர்ட் முடிவைப் போட்டா அவங்களை ஏமாத்தின மாதிரிங்களா? சேர்த்து வெச்சா யாரை ஏமாத்தறேன்னும் தெரியலை. சொல்லுங்க.


நைட் ட்யூட்டி மதுரை

அக்கா, நீங்க யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். பேரச் சொல்ல மாட்டேன். 41 எபியும் காயின் போட்டுப் படிச்சவ, அதனால உரிமையாவே பேசுறேன்.

எனக்கு ஐசியூல வேலை. நைட்ல அரை மணி நேரம் பிரேக், அந்த அரை மணில ஒரு எபி, ஒரு டீ. முடிவு என்னன்னு தெரியாத கதை எனக்கு அந்த ரூமுக்குள்ள எட்டு பெட்ல கெடக்கு. கைல இருக்குற கதையாச்சும் எங்க போயி நிக்கும்னு தெரிஞ்சு படிக்கணும்னு நெனைக்கிறது தப்பா? ‘இந்தப் பொம்பளைகளுக்கு சுபம் மட்டுந்தான் வேணும்’னு பேசுற ஆளுகள ஒரே ஒரு நைட் எங்கூட நிக்கச் சொல்லுங்க.

காதல்னு டேக் போட்டிருக்கீங்க. அட்டைல ரெண்டு பேரும் நெத்தியோட நெத்தி முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அது நீங்க குடுத்த வாக்கு. 41 வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டு பஸ் ஏத்தி விட்டா எனக்குக் கோவம் வரும். வந்துச்சு.

ஆனா 9வது எபில ‘கெத்து’ன்னு போட்டதுல நானும் ஒருத்தி. 38 படிச்சதும் திரும்பப் போயி 9ஐப் படிச்சேன். கமெண்ட்ட டெலிட் பண்ணிட்டேன். அதனால என்ன செய்யணும்னு எனக்கும் சொல்லத் தெரியல.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி சீன மட்டும் தூக்கிப் போட்ருங்க. அகிலனுக்கு ஆக்ஸிடென்ட் ஆகி, அவ ஓடி வந்து ஐசியூ கண்ணாடி வழியாப் பாத்து எல்லாத்தையும் மன்னிக்கிறது. நான் அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் நிக்கிறவ. வெளிய நிக்கிறவுக ஏடிஎம் எங்க இருக்குன்னு கேப்பாங்க. காப்பீட்டு அட்ட செல்லுமான்னு கேப்பாங்க. கண்ணு முழிச்சாரான்னு கேப்பாங்க. ஆளு பொழச்சு வரட்டும்னு வேண்டுறதும் மன்னிக்கிறதும் வேற வேறக்கா.


வாசிப்பாளன்

இதற்கெல்லாம் ஒரு திரியா? முடிவு முன்கூட்டியே தெரிந்த எழுத்து எழுத்தே அல்ல. கடைசிப் பக்கத்தில் கல்யாணம் வேண்டும் என்பவர்கள் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்குப் போகலாம்.


வாடகை நூலகம் கும்பகோணம்

செல்விம்மா, 1984லிருந்து 2009 வரை கும்பகோணத்தில் லெண்டிங் லைப்ரரி நடத்தியவன் நான். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, முன்பணம் தனி. வந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். புத்தகத்தை எடுத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். ஆள் மாற்றி ஆள் புரட்டிப் புரட்டிக் கடைசி ஃபாரம், அதாவது கடைசிப் பக்கக் கட்டு, கழன்றுவிடும். பைண்டருக்குக் கொடுத்து மாளவில்லை. அதனால் முதல் பக்கத்து மூலையில் பென்சிலால் ‘சு’ என்றோ ‘சோ’ என்றோ எழுதி வைத்தேன். சுபம், சோகம். கடைசி ஃபாரம் பிழைத்தது. ரமணிசந்திரன் நாவல்களுக்கு மட்டும் எழுதியதில்லை. உப்பு மூட்டை மேல் ‘உப்பு’ என்று எழுதி ஒட்டுவார்களா?

தம்பி வாசிப்பாளன் கவனிக்கட்டும். ‘சு’ என்று தெரிந்த பிறகும் அவர்கள் இருநூறு பக்கம் படித்தார்கள். முடிவுதான் வேண்டும் என்றால் என் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டு, வாடகை கொடுக்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாமே. புத்தகத்தைத் திருப்பித் தரும்போதுதான் நடக்கும் சண்டையெல்லாம். “சேந்தது சரி சார், இவ்ளோ சுருக்கா ஏன் மன்னிச்சா? நானா இருந்தா ஒரு மாசம் காபி போட்டுக் குடுத்திருக்கமாட்டேன்.” இந்தப் புகார் முழுக்க ‘சு’ போட்ட புத்தகங்களுக்குத்தான் வரும். நாலு வருஷக் கோபத்தை நாலு வரியில் தீர்த்துவைத்த ஆசிரியர்களை என் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

‘சோ’ மட்டும் கேட்டு வாங்கும் ஓர் அம்மாள் இருந்தார். பதினாலு பேர் இருக்கும் வீடு. ஏன் மாமி எப்போதும் இதையே என்று கேட்டேன். “சும்மா உக்காந்து அழுதா என்னாச்சு என்னாச்சும்பா. புஸ்தகத்தைக் கையில வெச்சுண்டு அழுதா ஒருத்தரும் கேக்கமாட்டா” என்றார்.

குறிஞ்சி மலர் ‘சோ’. அரவிந்தன் செத்துப்போவான், பூரணி தனியாக நிற்பாள். அது அலமாரியில் தங்கியதே இல்லை. பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. செத்துப்போகும் கதாநாயகன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்களா என்று என் மனைவி கேட்பாள். வைத்தார்கள்.

உங்கள் கோர்ட் முடிவுக்கு எதை எழுதுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். ‘சு’ இல்லை. ‘சோ’வும் இல்லை. அந்தக் கரும்பு ஜூஸ்தான் குழப்புகிறது.


மெய்ப்பு

தோழி, காதல் நாவல் போடற பதிப்பகத்துல 11 வருஷமா மெய்ப்பு பாக்கறேன். எங்க முதலாளி வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குச் சொன்னது: “கடைசி ஃபாரத்துல தாலி இருக்கணும், இல்ல தொட்டில் இருக்கணும். ரெண்டும் இல்லாத கையெழுத்துப் பிரதி வந்தா எங்கிட்டக் கொண்டு வராத.” நானும் கொண்டுபோனதில்ல.

ஆனா அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்குச் சொன்ன இலக்கணத்துல தாலியும் இல்ல, தொட்டிலும் இல்ல. ரெண்டே நிபந்தனைதான். காதல் கதையோட மையத்துல இருக்கணும். முடிவு மனசை நிறைக்கணும், நம்பிக்கை தரணும். அங்கயே ‘என்றென்றும் சுகமாக வாழ்ந்தார்கள்’னு முடியறது ஒரு ரகம், ‘இப்போதைக்கு நல்லா இருக்காங்க’ன்னு முடியறது இன்னொரு ரகம். ரெண்டையும் ஒரே அலமாரிலதான் வைக்கறாங்க. நம்ம ஊர்லதான் அந்த ரெண்டாவது ரகத்துக்கு ஒரு பேருகூட இல்ல.

வாக்குன்னு நைட் ட்யூட்டி சொன்னது சரி. ஆனா என்ன வாக்குன்னு பாக்கணும். கல்கியோட சிவகாமியின் சபதம் 1944லேர்ந்து 46 வரைக்கும் தொடரா வந்தது. அவ்வளவு நாள் காத்திருந்து படிச்சா, வாதாபி எரிஞ்சு சிவகாமி காஞ்சிக்குத் திரும்பும்போது அவ காதலிச்ச மாமல்லருக்கு வேற மனைவி, பிள்ளைங்க. அவ ஏகாம்பரநாதரை வரிச்சுக்கறா. இன்னிக்குப் படிச்சாலும் நெஞ்சு அடைக்குது. ஆனா ஏமாத்திட்டார்னு யாரும் புத்தகத்தை வீசல. ஏன்னா தலைப்புலயே சபதம்னுதான் சொன்னார், கல்யாணம்னு சொல்லல. சபதம் நிறைவேறிடுச்சு. பொன்னியின் செல்வன்ல அப்படி நடக்கல. 1954ல முடிச்சதும், அவங்க என்ன ஆனாங்க இவங்க என்ன ஆனாங்கன்னு வாசகர்கள் கேட்டு, கல்கியே ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாச்சு. அங்க பாக்கி இருந்தது, கேட்டாங்க.

உங்க கதைல என்ன பாக்கின்னு உக்காந்து திரும்பப் படிச்சேன் (ஆமா, காயின் போட்டு). அகிலன் எத்தனை தடவை மன்னிப்பு கேக்கறான்னு எண்ணினேன். ஏழு. அதுல அஞ்சு வாட்ஸப்ல, ஒண்ணு போன்ல, ஒண்ணு அவ தம்பிகிட்டச் சொல்லி அனுப்பறான். அறைஞ்சது எங்க? 24 தறிக்கு நடுவுல, ஆளுங்க முன்னாடி. கடன் வாங்கின இடத்துல அவன் இன்னும் திருப்பித் தரல. சந்தைல அவ கண்ணை மூடினதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

அப்புறம் 23வது எபில ‘முகத்திள்’னு இருக்கு. ‘முகத்தில்’. தொழில் புத்தி, மன்னிச்சுக்கங்க.


அகிலன் ஆர்மி

இந்தப் பேர்ல இதைச் சொல்லவே கூச்சமா இருக்கு. பேரை மாத்தத் தெரியல.

கல்யாணமான ரெண்டாவது வருஷம் எங்க வீட்டுக்காரரு என்னை அடிச்சாரு. ஒரு தடவை. அம்மா வீட்டுக்குப் போயிட்டேன், நாலு மாசம். திரும்பி வந்தேன். அதுக்கப்புறம் 19 வருஷமாச்சு, கை ஓங்கினதில்ல. வந்தது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு முழுசாத் தெரியாது. சில நாள் சரின்னு இருக்கும்.

செல்வி அக்கா, நீங்க அவங்களைச் சேத்து வெச்சா நான் செஞ்சது சரின்னு ஆயிடும்னு நான் கேக்கல. ஆனா அவன் இருபது எபி திருந்தினதை நீங்களே எழுதிட்டு கையெழுத்து, பஸ், முற்றும்னா, திரும்பி வந்தவளுக எல்லாம் விவரங்கெட்டவங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. எம்பொண்ணும் உங்க கதை படிக்கறா. அதையும் யோசிக்கறேன். அவ அப்படி ஒருத்தன்கிட்டத் திரும்பிப் போகணும்னு நான் நினைக்க மாட்டேன். ரெண்டும் நாந்தான் சொல்றேன்.


சென்னிமலை செல்வி

ஆர்மி, உங்களுக்கு உடனே பதில் எழுதத் தெரியலைங்க. ராத்திரி எழுதறேன்.


வாய்தா

மேடம், வக்கீல் குமாஸ்தாவா இருக்கேன். கதை நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ற அளவுக்கு விஷயம் தெரியாது. என் வீட்டுல படிக்கறாங்க. ஆனா கையெழுத்து போட்ட அன்னிக்கே டைவர்ஸ் வாங்கிட்டு வெளிய வந்தாங்கன்னா ஊர்ல ஒரு குமாஸ்தாவும் உங்களை மன்னிக்க மாட்டான்.

ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறது இந்து திருமணச் சட்டம் 13பி. மனு போடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். உங்க கதைல ரெண்டு வருஷம், அது பாஸ். மனு போட்ட பிறகு ஆறு மாசம் கழிச்சு, பதினெட்டு மாசத்துக்குள்ள ரெண்டு பேரும் திரும்ப வந்து, ‘ஆமா, இப்பவும் பிரியத்தான் விரும்பறோம்’னு சொல்லணும். அந்த ஆறு மாசத்தைக் கோர்ட்டே குறைக்கலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதுக்கும் தனியா மனு போட்டுக் காரணம் காட்டணும். தீர்ப்பு வர்றதுக்குள்ள ஒருத்தர் ‘எனக்குச் சம்மதம் இல்லை’ன்னு சொல்லிட்டா மனு அவ்வளவுதான்.

சினிமாவுல அந்த ஆறு மாசத்துல காதல் வந்துடும். நான் பாத்தவரைக்கும் பாதிப் பேருக்கு ஒண்ணும் வராது. ஒரு ஜோடி ரெண்டாவது வாய்தாவுக்கு ஒரே ஸ்கூட்டர்ல வந்து இறங்கினாங்க. எங்க சார் சந்தோஷமா, “அப்ப வாபஸா?”ன்னார். “இல்ல சார், இன்னிக்கு பஸ் ஸ்ட்ரைக்”னாங்க. டைவர்ஸ் ஆச்சு. அதே ஸ்கூட்டர்ல ஏறிப் போனாங்க. அவங்க சண்டை போட்டு நான் பாத்ததே இல்லை.

கரும்பு ஜூஸ் சரி. அது கோர்ட் வாசல்ல உண்டு.


சென்னிமலை செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 42 எழுதிட்டேன். எழுதறதுக்கு முன்னாடி மறுபடி சித்திகிட்டப் போனேன், மெய்ப்பு தோழி சொன்னதைச் சொன்னேன். பட்டறைல வெச்சு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கற மாதிரி எழுதப்போறேன்னேன். சித்தி என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

“தறி ஓடும்போது அவன் பேசுனா எவனுக்குக் கேக்கும்?”

அந்தச் சத்தத்துக்குள்ளயே பொறந்து வளந்தவ நான், எனக்கு இது தோணவே இல்லை பாருங்க. அறைஞ்சப்போ சத்தமே கேட்டிருக்காது. எல்லாரும் பாத்திருப்பாங்க, யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. என்ன காரணத்துக்கு அறைஞ்சான், அவ என்ன சொன்னா, ஒண்ணும் தெரியாது. முதலாளி அடிச்சா அவ ஏதோ பண்ணியிருப்பான்னு ரெண்டு வருஷமா நினைச்சுட்டு இருப்பாங்க. “நிறுத்தச் சொல்லு. இருபத்தி நாலையும் நிறுத்தச் சொல்லு. நின்ன நேரத்துக்குக் கூலியை அவன் கைல இருந்து குடுக்கட்டும்”னாங்க சித்தி. அதுக்கப்புறம்தான் எங்கூடப் பழையபடி பேசறாங்க.

அதனால 42ல பவித்ரா துணிமணி எடுத்துட்டுப் போக வர்றா. மனு போட்டாச்சு, முதல் வாய்தா முடிஞ்சுது (வாய்தா அண்ணா, எச்எம்ஓபிங்கற மனு நம்பர் வரைக்கும் போட்டிருக்கேன், உங்க வீட்டுல சொல்லுங்க). ரெண்டாவதுக்கு இன்னும் நாலு மாசம். அகிலன் மோட்டாரை நிறுத்தறான். ஒவ்வொண்ணா நிக்குது. ஆளுங்க கரண்ட் போயிடுச்சான்னு பாக்கறாங்க. பணத்தை எடுத்தது யாருன்னு சொல்றான். நான் அடிச்சது தப்புன்னு சொல்றான். திரும்பி வான்னு சொல்லலை. ஒரு வயசான அம்மா மட்டும், “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அப்பனு”ங்கறாங்க. பாவு பிணைக்கறவங்க வேலையைப் பாக்கத் திரும்பிடறாங்க.

பவித்ரா ஒண்ணுமே சொல்லலைங்க. அஞ்சாறு தடவை ஏதாவது சொல்ல வெச்சுப் பாத்தேன், எல்லாத்தையும் அடிச்சுட்டேன்.

வாசல்ல பையோட நிக்கறா. தலைல பஞ்சு. அவன் பாக்கறான். கை ரெண்டும் பின்னால இருக்கு. “தலைல பஞ்சு இருக்கு”ங்கறான். அவளே எடுத்துப் போடறா. “இன்னொண்ணு. காதுக்கு மேல”ங்கறான்.

அங்க முடிச்சுட்டேன். ரெண்டாவது வாய்தாவுக்கு ரெண்டு பேரும் போனாங்களா, ஒருத்தர் மட்டும் போனாங்களா, ஒரே வண்டில போனாங்களான்னு எழுதலை. ஆர்மி, உங்களை நினைச்சுத்தான் அந்த நாலு மாசத்தைத் திறந்து விட்டேன். உங்க பொண்ணை நினைச்சுத்தான் அவனைத் ‘திரும்பி வா’ன்னு சொல்ல விடலை. சரியா வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும்.

நைட் ட்யூட்டி, ஆஸ்பத்திரி சீனை அழிச்சுட்டேன். டேக்கை மாத்தலை, காதல்தான். அட்டைப் படத்தை மட்டும் மாத்தச் சொல்லியிருக்கேன், நெத்தி முட்டாத படமா. லைப்ரரி ஐயா, நீங்க பென்சில்ல எதைப் போடுவீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

நாளைக்கு ராத்திரி 10 மணிக்கு வரும். கமெண்ட்ல திட்டு விழும், தெரியும். அடுத்த மாசம் சிலிண்டருக்கு வேற வழி பாத்துக்கணும் போல.

சித்தி படிச்சுட்டாங்க. ‘காதுக்கு மேல இருந்த பஞ்சை யாரு எடுத்தா’ன்னு ராத்திரி சோறு போடும்போதும் கேட்டாங்க, காத்தால டீ குடிக்கும்போதும் கேட்டாங்க. சொல்லலை.


வாடகை நூலகம் கும்பகோணம்

‘சு’ என்று எழுதிவிட்டேன் அம்மா. கொஞ்சம் மெல்லிசாகத்தான் எழுதியிருக்கிறேன், அழிக்க வேண்டி வந்தால் அழித்துக்கொள்ளலாம்.


நைட் ட்யூட்டி மதுரை

அக்கா. யாரு எடுத்தா?